அவள் ஓட்டினால் நிற்கும் கார்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து இருபதுக்கு, பினாங்கு விமான நிலையத்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் போகும் கடலோரச் சாலையில், என் மகள் ஓட்டிக்கொண்டிருந்த கார் செத்துப்போனது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கார் இருமவில்லை, குலுங்கவில்லை, புகை விடவில்லை. ரேடியோவில் தமிழ் அறிவிப்பாளர் அப்போதுதான் மணியைச் சொல்லிவிட்டு யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துப் படிக்கத் தொடங்கியிருந்தார். எஞ்சின் நின்றது. ஏசிக் காற்று நின்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த மீட்டர் மொத்தமும் இருண்டது. அறிவிப்பாளர் மட்டும் நிற்காமல் வாழ்த்திக்கொண்டே இருந்தார்.

சுகன்யா கத்தவில்லை. கியரைத் தள்ளினாள். கல்லாகிப்போன ஸ்டியரிங்கை உடம்பு முழுவதையும் சாய்த்துத் திருப்பி, உருண்டுகொண்டிருந்த வண்டியை இடது ஓரத்துக்குக் கொண்டுவந்தாள். பின்னால் வந்த கார் நீளமாக ஹாரன் அடித்துவிட்டு விலகிப் போனது. சாவியை மறுபடி திருகினாள். எதுவும் நடக்காததுபோல எஞ்சின் ஓடத் தொடங்கியது.

"பயந்துட்டியாம்மா? சாரி."

இரண்டு வருடம் கழித்து மகளைப் பார்க்கிறேன். அவள் என்னிடம் முதலில் மன்னிப்புக் கேட்கிறாள்.

"என்ன கண்ணு இது?"

"இதான். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ. ஏன்னு யாருக்கும் தெரியல."

"மாப்பிள்ளைகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். அவர் ஓட்டினா நிக்கிறதில்ல."

பொள்ளாச்சியில் நடுரோட்டில் ஒரு வண்டி நின்றால் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். இரண்டு பேர் தள்ளுவார்கள், எட்டுப் பேர் யோசனை சொல்வார்கள். இங்கே சாலை கண்ணாடிபோல வழவழவென்று இருக்கிறது. நின்றுபோன காரைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் தண்ணீர்போல ஓடிவிடுகிறார்கள். குறை சொல்லவில்லை. நிற்க இடமும் இல்லை. ஆனால் அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது, பத்துப் பேர் யோசனை சொல்லும் ஊர் எனக்கு வேண்டியிருந்தது.

வீடு ஜெலுத்தோங்கில். ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் வீடுகளில் ஒன்று. வெளிக் கேட்டுக்கு ஒரு பூட்டு, அதற்கு அப்பால் இரும்புக் கிரில்லுக்கு ஒரு பூட்டு, பிறகு மரக்கதவு. பின்பக்கம் இன்னொரு கிரில். எங்கள் வீட்டுக்கு ஒரே சாவி. அதையும் பாதி நாள் ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போய்விடுவோம். சுகன்யா காரிலிருந்து சாவியை உருவியபோது ஒரு கொத்தே வெளியே வந்தது. வீட்டின் எல்லாப் பூட்டுக்கும், தபால்பெட்டிக்கும், அலுவலக அலமாரிக்குமான சாவிகள். அவற்றோடு எலுமிச்சம்பழம் அளவில் ஒரு பித்தளைப் பிள்ளையார்.

"ஜெயில் வார்டன் மாதிரி இருக்கற" என்றேன்.

"காலைல எல்லாரும் எந்திரிக்கறதுக்கு முன்னாடி கெளம்பறது நான். எல்லாம் பூட்டின பின்னாடி வர்றதும் நான். அப்ப சாவி வேற யார்கிட்ட இருக்கும்?" என்று சிரித்தாள்.

பிள்ளையாரைக் கோத்தது சம்பந்தியம்மா, அதாவது மாப்பிள்ளையின் தாயார். கார் முதல் தடவை நின்றபோது கோவிலில் பூசை போட்டு வாங்கிவந்தாராம். நல்ல மனுஷி. வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "பசியாறிட்டீங்களா சம்பந்தி? தண்ணி என்ன குடிக்கிறீங்க?" என்றார். வெந்நீர் போதும் என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தண்ணின்னா டீயா காப்பியான்னு கேட்டேன் லா!" என்றார். வாக்கிய முடிவில் 'லா' போடுவது இந்த ஊர்ப் பேச்சு.

மாப்பிள்ளை முகிலன் கோயம்புத்தூரில் என்ஜினியரிங் படித்தவர். அங்கேதான் சுகன்யாவும் படித்தாள். அப்படித்தான் கல்யாணம் நடந்தது. இப்போது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறார். நெரிசலுக்குப் பயந்து மோட்டார் சைக்கிளில் போய்வருகிறார். சுகன்யாவுக்கு வேலை கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில். தினமும் பாலத்தைக் கடந்து போக வேண்டும். அதற்குத்தான் இந்தக் கார். இறந்துபோன சம்பந்தியுடையது. அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் மெழுகு போட்டுத் துடைத்து வைத்திருந்த வண்டி. வீட்டில் அதற்குப் பெயரே "அப்பா காடி". காரை இங்கே தமிழர்கள் காடி என்கிறார்கள்.

அன்று சாப்பிடும்போது, வழியில் கார் நின்றதைச் சொன்னேன். முகிலன் எனக்குக் கோழிக் குழம்பு ஊற்றிக்கொண்டே புன்னகைத்தார்.

"அத்தை, காடில ஒண்ணும் இல்ல. பெட்ரோல் பம்ப் மாத்தியாச்சு, ஒரு சென்சார் மாத்தியாச்சு. நான் எத்தன தடவ ஓட்டிப் பாத்துட்டேன். இவளுக்கு இந்த ஊர் ரோடு பழகல, அவ்ளோதான்."

"நாலு வருஷமா ஓட்டறேன்" என்றாள் சுகன்யா.

"ஓட்டறது வேற, பழகறது வேற" என்றார். கோபமே இல்லாமல், குழந்தைக்குச் சொல்வதுபோல. அவர்களுடைய மூன்று வயதுப் பெண் யாழினிக்கும் அதே குரலில்தான் சாதம் ஊட்டினார்.

திங்கட்கிழமை காலை சுகன்யா கிளம்பிப் போனாள். அலுவலகம் சேர்ந்ததும் செய்தி அனுப்பச் சொல்லியிருந்தேன். வரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சம்பந்தியம்மா தோசைக்குச் சாம்பாரும் கோழிக் குழம்பும் சேர்த்து ஊற்றி வைத்தார். முதல்நாள் மீந்த குழம்பில் காலை தோசையைத் தோய்த்துச் சாப்பிடுவது இந்த வீட்டின் சந்தோஷங்களில் ஒன்று. நன்றாகத்தான் இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

ஊரிலிருந்து என் கணவர் பேசினார். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வில் இருப்பவர். அதனால்தான் நான் மட்டும் வந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பெட்ரோல் இருக்கான்னு பாத்து ஓட்டச் சொல்லு" என்றார். போனை வைத்துவிட்டேன்.

மாலை அவள் வந்ததும் நானே அந்தக் கேள்வியைக் கேட்டேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக் கொடுத்தவள், யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று பிள்ளைகளைக் குடைந்தவள், இப்படிக் கேட்டேன்: "ஓட்டறப்ப நீயே தெரியாம எதையாச்சும் அமுக்கிடறயா கண்ணு?"

அவள் கொத்தை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனாள்.

செவ்வாய்க்கிழமை நான் அடம்பிடித்து அவளைக் காரை எடுக்க விடவில்லை. படகுத் துறையிலிருந்து பெர்ரியில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து பஸ். நானும் கூடப் போனேன். கடல் காவி நிறத்தில் கலங்கிக் கிடந்தது. தூரத்தில் பாலம் ஒரு கோடாகத் தெரிந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த சீன மூதாட்டி, பிளாஸ்டிக் பையிலிருந்த பழத் துண்டுகளைக் குச்சியில் குத்தி, நான் வேண்டாம் என்பதற்குள் என் கையில் திணித்துவிட்டாள். புளிப்பும் மிளகாயும் சேர்ந்து கண்ணில் தண்ணீர் வந்தது. அவளுக்குப் பரம திருப்தி.

எதிரில் தொழிற்சாலைச் சீருடையில் ஒரு தமிழர். "அக்கா தமிழ்நாடுங்களா? சீரியல்ல பேசற மாதிரியே பேசறீங்க" என்று பேச்சைத் தொடங்கினார். நானும் ஆள் கிடைத்ததென்று காரின் கதையைச் சொன்னேன்.

"பழைய காடி பொண்டாட்டி மாதிரிக்கா. எப்ப மூஞ்சத் தூக்கும்னு சொல்ல முடியாது" என்று சிரித்தார். பிறகு சுகன்யாவைப் பார்த்து, "தங்கச்சி, புருஷன ஓட்டச் சொல்லிட்டு நீ பக்கத்துல உக்காந்துக்க. ரெண்டும் ஒழுங்கா ஓடும்" என்றார்.

சுகன்யா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டர்வொர்த்தில் பஸ் வர நேரமாகியது. வந்த பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் அலுவலகத்துக்குள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தபோது, தினமும் இது நடக்காது என்று எனக்கே புரிந்துவிட்டது. கார் இல்லாமல் அந்த வேலை இல்லை.

புதன்கிழமை அவளும் முகிலனும் அரை நாள் விடுப்பெடுத்து வொர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். நானும் யாழினியும் பின்சீட்டில். பட்டறை முதலாளி ஆ செங் என்ற சீனர். மெக்கானிக்கை இங்கே போமென் என்கிறார்கள். தமிழர்களோடு வளர்ந்தவர் என்பதால் தமிழ் அவர் வாயில் சரளமாக வந்தது.

காரை விட்டு இறங்கியதும் சுகன்யா செய்த முதல் காரியம், கொத்திலிருந்து கார் சாவியைத் தனியாகக் கழற்றியது. இரண்டு வீடு தள்ளி ஒருவர், கார் கழுவுகிற இடத்தில் சாவிக்கொத்தை அப்படியே கொடுத்துவிட்டு வர, அதில் இருந்த வீட்டுச் சாவியை அச்செடுத்து யாரோ வீட்டைத் துடைத்துவிட்டார்களாம். அன்றிலிருந்து சம்பந்தியம்மாவின் சட்டம்: கார் சாவியை யாரிடம் கொடுத்தாலும் கொத்தைக் கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நல்ல பழக்கம் என்று நானும் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். கொத்தும் பிள்ளையாரும் என் கைப்பைக்குள் வந்தன. தோள்பட்டை ஒரு பக்கம் இழுத்தது.

ஆ செங் ஒற்றைச் சாவியை வாங்கிக்கொண்டு முகிலனைப் பார்த்துக் கேட்டார்: "நிக்கும்போது மீட்டர்ல லைட்டு எரியுதா, எரியலயா?"

"எரியும். பேட்டரி லைட்டு, ஆயில் லைட்டு, எப்பவும் போலத்தான்" என்றார் முகிலன்.

"இல்லீங்க, எல்லாமே அணைஞ்சு போயி..." என்று சுகன்யா ஆரம்பித்தாள்.

"நீ பயத்துல பாத்திருக்க மாட்ட லா" என்றார் முகிலன்.

ஒரு முறைகூட அவர் கையில் நிற்காத கார். நின்றால் எப்படி இருக்கும் என்று அவர் சொல்கிறார். மீட்டர் இருண்டதை நானும் பார்த்திருந்தேன். ஆனாலும் மருமகன் பேசும்போது நடுவில் நுழைவது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. நான் சரியாகத்தான் பார்த்தேனா என்றும் அந்த நேரத்தில் ஒரு சந்தேகம். பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் மாலைவரை ஆ செங் வண்டியை வைத்திருந்தார். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். வயர்களை இழுத்துப் பார்த்தார். பாலத்தில் போய்விட்டு வந்தார். மழையில் ஓட்டினார், வெயிலில் ஓட்டினார். திரும்பக் கொடுக்கும்போது கையை விரித்தார்.

"ஒரு தடவகூட நிக்கல முகிலா. நான் என்ன செய்ய? காடிக்கு ஒன் பொண்டாட்டியப் பிடிக்கல போல!"

பட்டறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். முகிலனும் சிரித்தார். சுகன்யாவும் சிரிக்க வேண்டியிருந்தது. சாவியை வாங்கி மறுபடி கொத்தில் கோத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பகலில் சம்பந்தியம்மா என்னைக் குட்டி இந்தியாவுக்கு அழைத்துப்போனார். பூக்கடை, புடவைக்கடை, தெரு முழுக்கக் கேட்கும் சினிமாப் பாட்டு. கண்ணை மூடிக்கொண்டால் கோவையில் ஏதோ ஒரு கடைவீதி. கண்ணைத் திறந்தால் பக்கத்தில் ஒரு மலாய்க் குடும்பம் வாழை இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. சம்பந்தியம்மா எனக்குச் சேலை எடுத்துக்கொடுத்தார். மாம்பழ அளவுக்கு இருந்த வடையை வாங்கிக்கொடுத்தார். எல்லாம் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"சம்பந்தி, நீங்க சொன்னா கேப்பா. வேல எதுக்கு அவளுக்கு? காடி ஓட்டறப்ப கைகால் நடுங்குதுன்னா அது ஒடம்புக்கும் நல்லதில்ல. பச்சப்புள்ளைய ஏத்திக்கிட்டுப் போறா."

அன்று மாலை காருக்கு இறுதிப் பரீட்சை. முகிலன் எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்து, திரும்பி வந்தார். தன் பர்சிலிருந்து ஒற்றைச் சாவியை எடுத்து, அதைக் கொண்டுதான் ஓட்டினார். அவருக்கு வீட்டுச் சாவி தேவையில்லை; அவர் வரும்போது கதவைத் திறக்க எப்போதும் யாராவது வீட்டில் இருப்பார்கள். கார் பூனைபோலப் போயிற்று. பாலத்தின் இணைப்புகளில் தடக் தடக் என்று ஏறி இறங்கியது. ஒரு முறைகூடத் திணறவில்லை. சுகன்யா முன்சீட்டில் மீட்டரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நிற்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள் என்பது தாயான எனக்குத் தெரியாதா? குழந்தை பின்னால் இருக்கும்போது, கடலுக்கு மேல், அந்தக் கார் நிற்க வேண்டும் என்று ஒரு பெண் வேண்டிக்கொள்கிற நிலைக்கு அவளைக் கொண்டுவந்திருந்தோம்.

வீட்டு வாசலில் முகிலன் எஞ்சினை அணைத்தார். "அடுத்த வாரத்திலேர்ந்து காடிய வீட்டுலயே வெச்சிருவோம். வேலைய விடறேன்னு எழுதிக் கொடுத்துரு. கொஞ்ச நாள் ஓய்வா இரு. சரியா?"

அவள் கேட்டைத் திறக்கக் கொத்தை எடுத்தாள்.

சனிக்கிழமை, பாலத்துக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில், சுகன்யாவோடு வேலை செய்யும் பெண்ணின் குழந்தைக்குப் பெயர் சூட்டு விழா. முகிலனுக்கு ஓவர்டைம், முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் நேராக வருவதாகச் சொன்னார். சுகன்யா, யாழினி, நான் மூவரும் காரில் கிளம்பினோம். இதுதான் அவள் கடைசியாக ஓட்டுவது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.  வழியில் வாங்கிய ஆப்பத்தை யாழினிக்குப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பாலம் நடுவில் உயர்கிறது. கம்பிகள் தாங்கி நிற்கும் அந்த உச்சியில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளும். அங்கே ஓர் இணைப்பில் தடக் என்று ஏறி இறங்கினோம். எஞ்சின் நின்றது. மீட்டர் இருண்டது. ரேடியோவில் பாட்டு போய்க்கொண்டே இருந்தது.

"அம்மா, பாப்பாவப் பிடிச்சுக்க" என்றாள்.

பின்னாலிருந்து லாரி ஹாரன். அது ஒரு சத்தமாகக் கேட்கவில்லை, முதுகில் விழுந்தது. அவள் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினாள். கழுத்து நரம்பு புடைத்தது. வண்டி இடது பக்கம் மோட்டார் சைக்கிள் பாதைக்குள் பாதி நுழைந்தபோது, லாரி எங்களை உரசிக்கொண்டு கடந்தது. வலது பக்கக் கண்ணாடி பெயர்ந்து போய்விட்டது. ஒரு கை அகலம். அதற்கு மேல் இருந்திருக்காது. 

"அம்மா, காடி தூங்கிருச்சா?" என்றாள் யாழினி.

சுகன்யா சாவியைத் தொடவில்லை. "இனிமே இத நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன்" என்றாள். எங்களை இறக்கி, ஓரச் சுவரை ஒட்டி நிற்க வைத்தாள். மோட்டார் சைக்கிள்கள் எங்களைச் சுற்றி நெளிந்து போயின. லாரிகள் போகும்போதெல்லாம் கால்களுக்குக் கீழே பாலம் நடுங்கியது. பாலத்தின் உதவி எண்ணுக்குப் பேசினாள். பிறகு முகிலனுக்கு. ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"பாலத்துல நின்னுருச்சு. லாரி இடிச்சிருச்சு."

"என்ன செஞ்ச?" என்றார்.

என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. என்ன செஞ்ச என்றுதான் கேட்டார்.

மஞ்சள் விளக்கு சுழலும் ரோந்து வண்டி ஒன்று வந்தது. இறங்கியவர் நடுவயது மலாய்க்காரர். சட்டையில் ஹாஷிம் என்றிருந்தது. முதலில் கூம்புகளை வரிசையாக வைத்தார். அடுத்து யாழினியின் முன் குந்தி உட்கார்ந்து, "எங்கயாவது வலிக்குதா?" என்று மலாயில் கேட்டார்; சுகன்யா சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. இந்த ஊரில் அந்தக் காரைப் பற்றிக் கேட்கப்பட்ட முதல் நல்ல கேள்வி அது.

எஞ்சின் ஓடினால் தானே அக்கரை வரை ஓட்டிக்கொண்டு வருவதாகவும், நாங்கள் ரோந்து வண்டியில் ஏறிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். சாவிக்குக் கையை நீட்டினார்.

சுகன்யா கொத்தை எடுத்து, வழக்கம்போலக் கார் சாவியைத் தனியே கழற்றத் தொடங்கினாள்.  வளையம் பிளக்கவில்லை. நகம் ஒடிந்தது. உயிர் பிழைத்து அரை மணி நேரம் ஆகவில்லை. பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு என் மகள் மாமியாரின் சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு ஒரு வாரத்து ஆத்திரம் தலைக்கேறியது. "இப்பக்கூட அதக் கழட்டணுமா? திருடினாத் திருடிட்டுப் போகட்டும், குடுடி!" என்று கத்தி, கொத்தைப் பிடுங்கி முழுதாக அவர் கையில் கொடுத்தேன்.

அவர் உட்கார்ந்து திருகினார். உடனே ஓடியது. எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். சுகன்யாவின் முகம் செத்துப்போனது. மறுபடியும் காரில் ஒன்றுமில்லை. அப்போது பக்கத்துப் பாதையில் நீளமான கன்டெய்னர் வண்டி ஒன்று கடந்தது. பாலம் அதிர்ந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே கொத்து ஊஞ்சல்போல ஆடியது. எஞ்சின் நின்றது. பாட்டு தொடர்ந்தது.

உயர்ந்த கட்டைவிரல் அப்படியே இருந்தது. அந்த நொடியில் எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள். கார் இன்னொருவர் கையில் நின்றுவிட்டது. ஒரு ஆணின் கையில், சீருடை போட்டவர் கையில்.

"பாத்தியா? பாத்தியாம்மா?" சுகன்யா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ஹாஷிம் குனிந்து பார்த்தார். கொத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சாவியைத் திருப்பினார். மீட்டரில் விளக்குகள் எரிந்தன. கையை எடுத்து, பிள்ளையாரை லேசாகத் தட்டினார். கனம் கீழே இழுத்தது, சாவி தானாக ஒரு படி பின்னால் திரும்பியது, பாட்டைத் தவிர எல்லாம் அணைந்தது. மறுபடி ஏந்தினார், எரிந்தது. விட்டார், அணைந்தது. அவர் சிரித்துக்கொண்டே சொன்னதைச் சுகன்யா எனக்குத் தமிழில் சொன்னாள்: "பழைய காடி. சாவி போடற எடம் உள்ள தேய்ஞ்சு போச்சு. இத்தன கனம் தொங்கினா, குலுங்கறப்ப சாவி தானா அணைச்சிரும். அந்த ஸ்விட்ச மாத்தினாப் போதும், சின்ன வேல. அதுவரைக்கும் சாவிய மட்டும் தனியா போட்டு ஓட்டுங்க. அக்கா, நீங்க என்ன, பேங்கா பூட்டறீங்க?"

ஆ செங்கிடம் கொடுத்தது ஒற்றைச் சாவி. முகிலன் பர்சில் இருப்பது ஒற்றைச் சாவி. கொத்தோடு ஓட்டியது இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். காப்பாற்றுவதற்காகக் கோத்த பிள்ளையாரும் சேர்ந்துதான் இழுத்திருக்கிறார். அவர் வந்த பிறகுதான் அது அடிக்கடி நிற்கத் தொடங்கியது என்று சுகன்யா இப்போது நினைவுபடுத்திச் சொன்னாள். அவள் சொன்ன எல்லாமே உண்மை. மீட்டர் அணைந்ததும் உண்மை. எஞ்சின் மட்டும் பழுதாகி நின்றால் விளக்குகள் எரியும்; சாவி திரும்பினால்தான் அவையும் அணையும். அந்த ஒன்றை அன்று பட்டறையில் ஒருவர் காதில் வாங்கியிருந்தால், ஆ செங் நேராகச் சாவியிடம்தான் போயிருப்பார்.

சுகன்யா ஓரச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்து, "நான் எதையும் அமுக்கலம்மா" என்றாள்.

அப்போது முகிலனின் மோட்டார் சைக்கிள் கூம்புகளுக்கு அருகே வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஓடிவந்தார். யாழினியைத் தூக்கி முத்தமிட்டார். பிறகு காரைச் சுற்றிப் போய், கண்ணாடி பெயர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். ஹாஷிம் அவரை அழைத்து, கொத்தை ஏந்தியும் விட்டும் இரண்டு முறை செய்து காட்டினார். முகிலன் தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தார். பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்க்கவில்லை. பர்சை எடுத்தார், ஒற்றைச் சாவியை எடுத்தார், உட்கார்ந்து திருகினார். எஞ்சின் ஓடியது. இரண்டு லாரிகள் கடந்தன, பாலம் நடுங்கியது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தீங்களா அத்தை? நான்தான் அப்பவே சொன்னேன்ல. அப்பா காடில ஒண்ணுமே இல்ல."